குப்பைக்குப் போகாத மெயில்

17.9.2007, திங்கள்

திங்கட்கிழமை என்றாலே குப்பை அள்ளும் நாள். சனிக்கிழமை மூடிவிட்டுப் போன கம்ப்யூட்டரை இன்று காலை திறந்தால் நூறு மெயிலுக்கு மேல். அதில் கம்பெனிக்கு வந்தது மூன்று. மிச்சமெல்லாம் லாட்டரி, ஆண்களுக்கான மாத்திரை, சாகக் கிடக்கும் ஒரு விதவை. சொத்து முழுவதையும் எனக்கே எழுதி வைக்கப் போகிறாளாம். என்னை "அன்புள்ள ஐயா" என்கிறாள்.

டீ வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். முதலாளி நஞ்சப்பன் ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் தொலைந்தேன். ஒவ்வொன்றையும் காட்டி "இதென்னங் கண்ணு?" என்பார். போன மாதம் லாட்டரி மெயிலைப் படித்துச் சொன்னது என் தப்பு. அது பொய் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் அரை நாள் போனது. அப்போதும் முழுதாக நம்பவில்லை.

பாவம், அவரும் என்ன செய்வார். டாலர் விழுந்ததிலிருந்து திருப்பூர் அருள்புரத்தில் எங்களைப் போன்ற சின்னப் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டரே இல்லை. இவர் (என் வீட்டுக்காரர் ராஜபாண்டி, இதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்) வாரத்தில் பாதி நாள் வெறும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் இப்போதெல்லாம் குப்பை அள்ளுவது ஒன்றுதான் வேலை.

20.9.2007, வியாழன்

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டு அரசாங்கமாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட். இரண்டு லட்சம் பீஸ்.

படித்ததுமே தெரிந்துவிட்டது. எந்தத் துணி, எத்தனை கனம் என்று ஒரு வரி இல்லை. விலையும் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்து விலையைக் குறைக்கச் சொல்லாத ஒரு பையரைப் பார்த்ததில்லை. அழிக்கலாம் என்று கையை வைத்தேன். பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. எண்கள் மட்டும் நன்றாகப் படிப்பார்.

"இரு அம்மிணி. ரெண்டு லட்சம்னு போட்டிருக்குது?"

21.9.2007, வெள்ளி

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? மதி இருக்கிறது. ஆர்டர்தான் இல்லை.

28.9.2007, வெள்ளி

ஒரு வாரமாக நானே உட்கார்ந்து அந்தத் திருடனுக்கு மரியாதையாக பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வாங்குகிற கை, சொன்னதை எழுதித்தானே ஆக வேண்டும். அவர்கள் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள், கழுகு முத்திரை போட்டு. முதலாளி அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, சந்தனப் பொட்டு வைத்து, ஆபீஸ் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். தினமும் ஊதுபத்தி அதற்கும் சேர்த்துக் காட்டுகிறார்.

இன்று வந்த மெயில்: கம்பெனி சார்பில் ஆள் அவர்கள் நாட்டுக்கு நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுக் கட்டணத்தையும் அங்கே வந்து கட்டினால் போதும்.

"இது மோசடிங்க ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மோசடிக்காரனா இருந்தா மொதல்லயே காசு அனுப்புன்னுல்ல கேப்பான்? இவன் நேர்ல வாங்கறான். நாணயமான ஆளு அம்மிணி."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலவே எனக்கும் ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. நன்றாகத்தான் ஏமாற்றுகிறார்கள்.

5.10.2007, வெள்ளி

முதலாளி குன்னத்தூர்ப் பக்கம் அவருடைய குலதெய்வக் கோயிலுக்குப் போய், இந்தப் பயணம் போகலாமா என்று பூக் கேட்டுவிட்டு வந்தார். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இது பெரிய விஷயம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். கல்யாணம், கிணறு, புது மிஷின், எல்லாவற்றுக்கும் பூ.

வெள்ளைதான் வந்ததாம். ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு.

எனக்கு லட்டு இறங்கவில்லை. அம்மனுக்கு மெயில் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து, நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

6.10.2007, சனி

இனி இது முதலாளியின் விஷயம் மட்டும் இல்லை.

முதலாளி இவரையும் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிறாராம். "துணியப் பத்திக் கேட்டா நானென்னத்தச் சொல்லுவேன், ராஜபாண்டி வந்தாத்தான் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். மொரீஷியஸ் கம்பெனி ஒன்றில் வேலை என்று நம்பி எடுத்தது. அது கடைசி நேரத்தில் தட்டிப் போனது. ஒரு முத்திரை கூட விழாத பாஸ்போர்ட். சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

இத்தனை சந்தோஷமாக இவரைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று.

14.10.2007, ஞாயிறு

பல்லடம் ரோட்டில் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினால் முதலாளி பார்ப்பார். அந்த மெயிலிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே அடித்துத் தேடினேன்.

வரிக்கு வரி அதே மெயில். டி-ஷர்ட் இருந்த இடத்தில் ஒன்றில் அரிசி, ஒன்றில் குடை, ஒன்றில் சைக்கிள் டியூப். கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "என் அண்ணன் இதை நம்பிப் போனான். விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு கார் வந்து அழைத்துப் போனது. ஒரு வீட்டில் அடைத்து வைத்து, எங்களுக்குப் போன் போட்டு, கேட்டதைக் கொடுக்கும்வரை அடித்தார்கள்."

அடித்தார்கள் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வேறு அர்த்தம் ஏதாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை, அதேதான்.

15.10.2007, திங்கள்

பிரௌசிங் சென்டரில் எடுத்து வந்த பிரிண்டை முதலாளியிடம் காட்டி வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்ல பொருள் இருக்கற எடத்துலதானுங் கண்ணு போலியும் வரும். இவங்க நெசமான கவர்மெண்டு. அவனுக இவங்களப் பாத்துக் காப்பியடிச்சிருக்கறானுக."

"ஐயா, அடைச்சு வச்சு அடிக்கிறாங்களாம்."

"அம்மனே பூக் குடுத்துட்டா அம்மிணி. அதுக்கு மேல நீயென்ன, நானென்ன."

கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

16.10.2007, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். அந்தப் பிரிண்டைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"உனக்கு எல்லாமே குப்பைதாம் விஜயா. காலைல வந்து உக்காந்து அழிக்கே, அழிக்கே... மெயில மட்டுமா அழிக்கே? என் பொழப்பையும் சேத்துல்லா அழிக்கே."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்.

நான் என்ன பொறாமையிலா சொல்லுதேன்? பிளேன்ல போறது எனக்குப் பிடிக்காமலா? மனுசன் உசுரோட திரும்பி வரணும்னு நெனைக்கது ஒரு குத்தமா?

24.10.2007, புதன்

முதலாளி வீட்டம்மா சாமியாத்தாளிடம் போய்ச் சொன்னேன். மோர் கொடுத்தார். "நாஞ் சொன்னா கேக்கற ஆளுங்களா அவரு? பூ வேற வந்துருச்சு. பூ வந்த பொறவு தடுத்தா அது என்ற தலைமேலல்லங் கண்ணு நிக்கும்" என்றார். திரும்பி வரும்போது ஒரு சொம்பு மோரையும் கொடுத்து அனுப்பினார்.

யாரிடமும் சண்டை போட முடியாத ஊர் இது. எல்லோரும் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

1.11.2007, வியாழன்

டிக்கெட் போட்டாயிற்று. பத்தொன்பதாம் தேதி. இரண்டு பேருக்கும்.

தீபாவளிக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்புவது தெரிந்து முதலாளி இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க ஊட்டுச் சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு ராஜபாண்டி. அடுத்த ஊட்டுப் பையனக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறன். நம்ம பூ உனக்குச் செல்லாது. உங்க சாமி சொல்லோணும்."

எவ்வளவு முறையான மனிதர். இந்த முறையெல்லாம் தெரிந்தவருக்கு இது மட்டும் ஏன் தெரியவில்லை?

2.11.2007, வெள்ளி

செய்யக்கூடாததைச் செய்தேன்.

திருச்செந்தூர்ப் பக்கம் இவர்கள் ஊரில் குலதெய்வம் சுடலைமாடன். சாமியாடிக் குறி சொல்வது இவருடைய சித்தப்பா. அவர் பேரும் சுடலைதான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் குறி கேட்க வரும்போது போகக்கூடாது என்று சொல்லச் சொன்னேன்.

"சாமி வாயில நாம வார்த்தைய வைக்கக் கூடாது தாயி" என்றார்.

"அங்க போனவங்கள அடைச்சு வச்சு அடிக்காங்க மாமா. நான் படிச்சேன்."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "போன வையி" என்று மட்டும் சொன்னார்.

ஊர் உலகத்துப் பொய்யையெல்லாம் கண்டுபிடித்து அழிக்கிறவள் நான். இன்று நானே ஒன்றை எழுதி அனுப்பிவிட்டேன்.

9.11.2007, வெள்ளி. ஊரில்

தீபாவளி நேற்று. எண்ணெய் தேய்த்தது, சாப்பிட்டது எதுவும் மனதில் நிற்கவில்லை.

இன்று கோயிலில் குறி. மாமாவுக்குச் சாமி வந்தது. கண் அவருடைய கண்ணாக இல்லை. என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் பின்னால் நின்றேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"தண்ணி தாண்டாதல. தாண்டினேன்னா இந்த மண்ண மிதிக்க மாட்ட."

இவர் திருநீற்றை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். நான் கேட்டதற்காகச் சொன்னாரா, சாமியே சொன்னதா? மாமாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டுத்தான் என்ன ஆகப் போகிறது? போக மாட்டார். அது போதும்.

12.11.2007, திங்கள்

இவர் முதலாளியிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சாமி வேண்டாம்னு சொல்லிருச்சுன்னா வேண்டாந்தான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத கண்ணு. நான் மட்டும் போய்ட்டு வாரேன். என்ற சாமி எனக்கு உத்தரவு குடுத்துருச்சு."

அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதி. மறைப்பதற்கில்லை. காலிலிருந்து தலைவரை நிம்மதி. மேஜைக்குத் திரும்பி வந்து பாக்கி வேலையைப் பார்த்தேன். அந்த மெயிலைப் பற்றி அவரிடம் இன்று நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

18.11.2007, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் முதலாளி என்னை ஆபீஸுக்கு வரச் சொன்னார். ஒரு தாளில் இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். என் பெயர் நஞ்சப்பன். நான் திருப்பூர். எனக்குச் சைவச் சாப்பாடு. தண்ணீர் வேண்டும். எழுதிக்கொண்டே வந்தவள், கடைசியில் "தயவுசெய்து இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று எழுதி, ஆபீஸ் எண்ணையும் வீட்டு எண்ணையும் போட்டேன். அவர் அதைச் சத்தமாகப் படித்துப் பழகினார். பேத்தி மாதிரி நான் தப்பைத் திருத்தினேன்.

"போகாதீங்க ஐயா" என்று ஒரு தடவை சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

22.11.2007, வியாழன்

போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் போன் வந்ததாம். விமான நிலையத்தில் அவர் பெயரைப் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு கார் வந்ததாம். சாமியாத்தாள் பெருமையாகச் சொன்னார். நான் அந்தப் பிரிண்டை எடுத்து அதே வரியை மறுபடி படித்தேன்.

25.11.2007, ஞாயிறு

போன் இல்லை.

27.11.2007, செவ்வாய்

காலை பதினொரு மணி இருக்கும். சாமியாத்தாள் செருப்பில்லாமல் ஆபீஸுக்குள் வந்தார். கையில் செல்போன், அது இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

"என்னமோ இங்கிலீசுல பேசறானுங் கண்ணு. ஒண்ணும் தெரியல. கேளு."

பத்து வருடமாக இங்கிலீஷில் எழுதுகிறேன். பேசியதே இல்லை. வாங்கிப் பேசினேன். இலக்கணமெல்லாம் எங்கோ போயிற்று. அவன் சொன்னது மட்டும் தெளிவாகப் புரிந்தது, ஏனென்றால் அதை நான் முன்பே படித்திருக்கிறேன். பிறகு போனை முதலாளியிடம் கொடுத்தான்.

"அம்மிணியா?" என்றார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

சாமியாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

28.11.2007, புதன்

என் புருசன இழுத்துப் பிடிச்சு நிறுத்துனேன்லா. அந்த வயசான மனுசன ஏன் விட்டேன்? காலப் பிடிச்சிருக்கலாம். பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சிருக்கலாம். ஒண்ணுமே செய்யாம இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து அனுப்பி வச்சேனே. நான் என்ன பொம்பளை.

1.12.2007, சனி

அவர்கள் கேட்ட பணத்துக்காக முதலாளியின் குன்னத்தூர்த் தோட்டத்தில் கிணற்றோடு இருக்கும் பாதியைக் கிரயம் பேசிவிட்டார்கள். விலைக்கு நிற்க நேரமில்லை. இவர் ஒவ்வொரு நாளும் சாமியாத்தாளோடு அலைகிறார், போலீஸ், வக்கீல், சொந்தக்காரர் வீடு என்று. பெரிய எக்ஸ்போர்ட்டர் ஒருவர், அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தமிழரின் எண்ணைத் தந்தார். அவருக்கு நான்தான் பேசினேன். தமிழில். "கவலைப்படாதீங்கம்மா, மாசத்துக்கு ஒருத்தர் இப்படி வாராங்க" என்றார். அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை.

3.12.2007, திங்கள்

பணம் போய்ச் சேர்ந்ததும் முதலாளியை விட்டுவிட்டார்கள். ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். மளிகைக்கடைக்காரர் வீட்டில் இருக்கிறார்.

7.12.2007, வெள்ளி

வந்துவிட்டார். கோயம்புத்தூர் போய் இவர்தான் கூட்டி வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. இடது கைச் சுண்டுவிரல் நேராக இல்லை. ரசம் சாதம் கேட்டாராம்.

10.12.2007, திங்கள்

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சித்தப்பாவுக்கு முன்னாடியே போன் போட்டியா?"

"போட்டேன்."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார்.

"எனக்குத் தெரியும். சித்தப்பா உன்னப் பாக்காம இருந்தப்பமே தெரியும்." பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு விஜயா. வரலைன்னு மொதலாளிகிட்ட சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு அத்தனை பேச்சுப் பேசிய மனிதர். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு கரண்டி மோர் ஊற்றினேன்.

17.12.2007, திங்கள்

இந்த அலைச்சலில் மூடிக் கிடந்த கம்பெனி திறந்துவிட்டது. கழுகு முத்திரைத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. உள்ளூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் செய்கிறோம். பெரிய லாபம் இல்லை, மிஷின் ஓடுகிறது. முதலாளி மெயில் பார்க்க வருவதில்லை. நான் அழிக்கிறேன். நடுவில் ஒன்றிரண்டு நிஜமாகவே பையராக இருந்திருக்கலாம். பார்க்கத் தெம்பில்லை.

11.1.2008, வெள்ளி

பொங்கலுக்கு முந்திய கடைசி வெள்ளி. கூலி கொடுத்து முடித்த பிறகு முதலாளி வெகு நாளைக்கு அப்புறம் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கட்டிங் டேபிளிலிருந்து இவரையும் கூப்பிட்டார்.

"உங்கூர்க் கோயில்ல கொடைத் திருவிழா எப்போ?"

"சித்திரைலங்க ஐயா."

"நானும் அவளும் வாரோம். உன்னயக் காப்பாத்துன சாமிக்கு ஒரு கெடா குடுக்கோணும் ராஜபாண்டி. நீயும் அங்க வந்திருந்தா உன்ற பொண்டாட்டிக்கு நானென்ன பதில் சொல்லியிருப்பேன்? அதயவே நெனச்சுத்தான் அந்த ரூம்ல உக்காந்திருந்தேன். அந்தப் பையன் வல்லியே, அது ஒண்ணு போதும்னு."

இவர் தரையைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"எங்க அம்மன் மேல எனக்கு வருத்தமில்லீங் கண்ணு. நான் கேட்டது சரியில்லையோ என்னமோ." அந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், குறையாக இல்லை, சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி:

"ஏன் அம்மிணி, அன்னைக்கு உங்க சாமிகிட்ட எனக்கும் சேத்து ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்குமா?"

"சொல்லியிருக்குமுங்க ஐயா" என்றேன்.